நாற்பத்தேழாம் பக்கத்து மஞ்சள் பூ

இந்த மாநிலத்தில் இதுவரை ஒரு பொய்கூட எழுதாத ஒரே எழுத்தாளன் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை ஐயா. வாக்குமூலம் என்று வந்துவிட்ட பிறகு அடிப்படைத் தகவல்கள் முதலில் வரவேண்டும், அதற்காகச் சொல்கிறேன். வயது இருபது. கல்லூரியில் மூன்றாம் ஆண்டு, வரலாறு. மின்விசிறியை இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், உங்கள் தாள் பறக்கிறது.

கட்சி மேலிடத்திலிருந்து நீங்கள் இவ்வளவு தூரம் வந்திருப்பது ஒரு பூவைப் பற்றி விசாரிக்க என்று தெரியும். மாநிலக் கிளையின் வெள்ளி விழா மலரில், நாற்பத்தேழாம் பக்கத்துப் படத்தில், ஒரு பூந்தொட்டியில் மஞ்சள் பூ பூத்திருக்கிறது. மஞ்சள், நம் பரம எதிரிகளின் கொடி நிறம். பூ எப்படி வந்தது, யார் சொல்லி வந்தது, பின்னால் சதி ஏதும் உண்டா என்று கேட்டீர்கள். சதி இல்லை. நான்தான் சொன்னேன். ஆனால் பூ எப்படி வந்தது என்று சொல்ல வேண்டுமானால் தொட்டி எப்படி வந்தது என்று சொல்லியாக வேண்டும். தொட்டிக்கு முன்னால் அந்த இடத்தில் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார்.

நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில் விலைச் சீட்டு தொங்குவதைக் கவனித்திருப்பீர்கள். மாநிலத் தலைவர் என் அம்மாவின் அண்ணன், எனக்கு மாமா. கீழே அவருடைய பர்னிச்சர் கடை, மேலே கட்சி அலுவலகம். எங்கள் பொதுக்கூட்டங்களில் ஆள் குறைந்ததுண்டு, நாற்காலி குறைந்ததே இல்லை. கூட்டம் முடிந்ததும் எல்லாவற்றையும் துடைத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, மறுபடி கடையில் வைத்துவிடுவார்கள். பெரும்பாலானவற்றில் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அதனால் புதிது என்று சொல்லி விற்பதில் மாமாவுக்கு மனசாட்சித் தொந்தரவு கிடையாது.

கிளை தொடங்கி இருபத்தைந்து ஆண்டு, நடுவில் சட்டமன்றம் கலைந்ததையும் சேர்த்து ஏழு தேர்தல். முதல் தேர்தலில் பன்னிரண்டு தொகுதியில் நின்று பன்னிரண்டிலும் டெபாசிட் போனது. இரண்டாவதில் ஒரு பெரிய கட்சியோடு கூட்டணி வைத்தோம். நான்கு தொகுதி கொடுத்தார்கள், நான்கும் அவர்களே நிற்கப் பயந்தவை. மூன்றாவதில் ஒரே ஒரு இடம் ஜெயித்தோம். அதைப் பிறகு சொல்கிறேன். நான்காவதிலிருந்து மாமாவின் தலைமை. ஐந்தாவது தேர்தலில் எங்கள் தெரு வாக்குச்சாவடியில் மாமாவுக்கு விழுந்தது பதினேழு ஓட்டு. எங்கள் குடும்பத்தில் மட்டும் பத்தொன்பது ஓட்டு. அந்த இரண்டு பேர் யார் என்ற விசாரணை இன்றுவரை ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் நடக்கிறது. அந்தப் பேச்சு எடுத்தாலே என் அம்மா தண்ணீர் கொண்டுவர உள்ளே போய்விடுவாள். ஏழாவது தேர்தலில் செல்லாத ஓட்டுகள் எங்களை முந்தின.

ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் மாமா தார்மிகப் பொறுப்பேற்று ராஜினாமா செய்வார். செயற்குழு ஏற்க மறுக்கும். செயற்குழுவில் ஏழு பேர்: ஐந்து பேர் எங்கள் சொந்தக்காரர்கள், ஒருவர் கடையில் பாலிஷ் போடுகிற மேஸ்திரி, மீதி ஒருவர் மாமா. தொண்டர்களின் வற்புறுத்தலுக்கு இணங்கி அவர் தொடர்வார்.

இனி தொட்டி. கட்சியை விட்டு நீக்கப்பட்டவர்களைப் படங்களிலிருந்தும் நீக்குவது எங்கள் கிளையின் நெடுநாள் வழக்கம். ஆளை வெட்டி எடுத்தால் பக்கத்தில் நிற்கும் மாமாவின் தோளும் கூடவே போய்விடும். அதனால் ஸ்டுடியோவில் டச்சிங் பண்ணுகிற அண்ணன் ஒருவர், அதாவது கல்யாணப் படங்களில் பருவையும் தழும்பையும் தூரிகையால் மறைக்கிறவர், ஆள் நின்ற இடத்தில் ஒரு பூந்தொட்டி வரைந்துவிடுவார். உங்களுக்குப் பின்னால் சுவரைப் பாருங்கள். பதினோரு பேர் இருந்த முதல் செயற்குழு. இப்போது நான்கு பேரும் ஏழு தொட்டியும். புதிதாக வருகிறவர்கள், கீழே பர்னிச்சர், மேலே நர்சரியா என்று கேட்பார்கள்.

இதைப் பற்றித்தான் எங்கள் கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையில் எழுதினேன். வரலாற்றிலிருந்து மனிதர்களை எடுத்துவிட்டுச் செடி வைக்கிறவர்களை நார் நாராகக் கிழித்திருந்தேன். பையன்கள் போனில் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பினார்கள். மூன்றாம் நாள் மாமா எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் போன்.

"நீதானாடா இது?"

"ஆமா மாமா."

"நல்லா இருக்கு. ரெண்டு தடவை படிச்சேன். ஏழு தொட்டிக்கும் யாரு தண்ணி ஊத்துறதுன்னு கேட்டிருக்கியே, அதுல உங்க அத்தையே சிரிச்சுட்டா."

அம்மா அடுப்படி வாசலில் நின்றபடி, "சின்னப் பையன்ண்ணா, ஏதோ விளையாட்டுக்கு..." என்றாள்.

"நீ சும்மா இரு. உன் ரெண்டு ஓட்டு விஷயமே இன்னும் முடியல." மாமா என் பக்கம் திரும்பினார். "வெள்ளி விழாவுக்கு மலர் போடணும்டா. இருபத்தஞ்சு வருஷ வரலாறு. நம்மாளுங்கள்ல எழுத வர்றவன் எவனும் இல்ல. கிண்டல் பண்றவனுக்குத்தான் விவரம் முழுக்கத் தெரிஞ்சிருக்கும். நீயே எழுது. அட்டையில உன் பேர் போட்டு, கீழ 'வரலாற்றாசிரியர்'னு போட்டுடலாம்."

"பொய் எழுத மாட்டேன் மாமா."

"யாருடா பொய் எழுதச் சொன்னது? உள்ளதெல்லாத்தையும் எழுதணும்னு கட்டாயம் இல்லைன்னுதான் சொல்றேன்."

யோசித்துப் பார்த்தேன். அதில் தப்பு இருப்பதாகத் தெரியவில்லை. எந்தப் புத்தகமும் எல்லாவற்றையும் எழுதிவிடுவதில்லை. எங்கள் பாடப் புத்தகத்தில் எத்தனையோ யுத்தங்கள் அரை வரியில் முடிந்துவிடுகின்றன.

மூன்றாவது தேர்தலுக்கு வருகிறேன். ஜெயித்தவர், கிளையை ஆரம்பித்த முதல் தலைவர். கால்நடை மருத்துவர். ஊரில் எல்லோருக்கும் மாட்டு டாக்டர். பிரசாரத்துக்குப் போகிற வீட்டில் கொள்கை பேச மாட்டார். நேரே கொட்டகைக்குப் போய் மாட்டின் காதைத் தொட்டுப் பார்ப்பார். வெளியே வந்து, "தீவனத்தை மாத்துங்க, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்பார். ரெண்டு நாளில் சரியாகிவிடும். முந்நூற்றுப் பன்னிரண்டு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அதே தேர்தலில் பக்கத்துத் தொகுதியில் நின்ற மாமா நான்காவது இடத்துக்கு வந்தார்.

சட்டமன்றத்தில் நம் கட்சிக்கு அவர் ஒருவர்தான். சட்டமன்றக் குழுத் தலைவரும் அவரே, துணைத் தலைவரும் அவரே, கொறடாவும் அவரே. பதினான்காம் மாதம், ஏதோ ஒரு பிரச்சினைக்காக வெளிநடப்பு செய்யச் சொல்லிக் கட்சி உத்தரவிட்டது. அவர் எழுந்திருக்கவில்லை. விளக்கம் கேட்டு அனுப்பிய நோட்டீசுக்கு அவர் எழுதிய பதில் எங்கள் அலமாரியில் இருக்கிறது. 'நான் ஒருவன் எழுந்து வெளியே போனால் கழிப்பறைக்குப் போவதாகத்தான் நினைப்பார்கள். தவிர, அன்றைக்கு மாடுகளுக்கான தடுப்பூசி பற்றி என் கேள்வி இருந்தது. அதற்குப் பதில் கிடைத்தது என்பதைக் கட்சிக்கு மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' நீக்கிவிட்டார்கள். நீக்கல் உத்தரவில் கையெழுத்துப் போட்டவர் மாமா. மறுநாள் காலை ஏகமனதாகத் தலைவரானவரும் மாமா.

இந்த இரண்டு பத்தியும் மலரில் இல்லை. மலரில் இருப்பது இதுதான்: 'மூன்றாம் தேர்தலில் மக்கள் ஒரு தொகுதியில் நமக்கு மகத்தான வெற்றியைத் தந்தார்கள்.' அந்த வாக்கியத்தில் பொய் எங்கே என்று நீங்கள் நிதானமாகத் தேடலாம்.

பழைய படங்கள் வைத்திருப்போர் தந்து உதவவும் என்று ஒரு அறிவிப்பு கொடுத்திருந்தேன். மொத்தம் ஒரே ஒருவர் வந்தார். மாட்டு டாக்டரின் மகள். பள்ளி ஆசிரியை, நாற்பது வயதிருக்கும். இதே மேசைக்கு எதிரே, உறை பிரிக்காத சோபாவின் நுனியில் உட்கார்ந்தார்.

"நீங்கதான் எழுதுறீங்களா தம்பி? ரொம்பச் சின்னப் பிள்ளையா இருக்கீங்களே."

"பார்க்கத்தான் அக்கா அப்படி."

"தொட்டியைப் பத்தி எழுதியிருந்தீங்களே, அதைப் படிச்சேன். படிச்சதாலதான் தைரியமா வந்தேன். வேற யாரும் எழுதுறதா இருந்தா இதைக் கொண்டு வந்திருக்க மாட்டேன்."

பையிலிருந்து ஒரு பள்ளி நோட்டை எடுத்தார். அப்பாவுக்கு மூன்று வருஷமாக மறதி நோய். நரம்பு மருத்துவர் சொன்ன யோசனைப்படி பதினோரு வரி எழுதி வைத்திருக்கிறார். தினமும் காலையில் எழுந்ததும் அதைப் படித்துத்தான் அவர் தன்னைத் தெரிந்துகொள்கிறார். நான் வாங்கிப் பார்த்தேன். முதல் வரி, பெயர். நான்காவது, மகள் எந்தப் பள்ளியில் வேலை செய்கிறாள், எத்தனை மணிக்கு வருவாள். ஐந்தாவது, 'மனைவி இறந்துவிட்டாள். வீட்டில் தேட வேண்டாம்.' ஆறாவது, 'முப்பத்தொரு வருஷம் மாட்டு டாக்டராக இருந்தேன்.' ஏழாவது, 'தேர்தலில் நின்று 312 ஓட்டில் ஜெயித்தேன்.'

"ஏழாவது வரி வந்ததும்தான் நிமிர்ந்து உட்காருவார் தம்பி. அதுவரைக்கும் யாரோ வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி கூச்சப்பட்டுக்கிட்டு இருப்பார். அதைப் படிச்சுட்டா எழுந்து ஷேவ் பண்ணிக்குவார், சட்டை போட்டுக்குவார். அன்னிக்கு முழுக்க நல்லா இருப்பார்."

"சரிக்கா."

"ஆனா எதையும் சும்மா நம்ப மாட்டார். எங்க போட்டிருக்குன்னு கேட்பார். அம்மாவுக்குப் பேப்பர்ல வந்த அறிவிப்பை ஒட்டி வச்சிருக்கேன். ஜெயிச்ச சர்ட்டிபிகேட் வீட்டுக்குள்ள தண்ணி புகுந்தப்போ போயிடுச்சு. இருக்கிறது இந்த போட்டோ ஒண்ணுதான்."

ஏழாவது வரிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த படத்தை நகத்தால் மெதுவாக நெம்பி எடுத்துக் கொடுத்தார். வாக்கு எண்ணிய கட்டிடத்தின் வாசல். மாட்டு டாக்டர் சான்றிதழைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். தலை கலைந்திருக்கிறது. பக்கத்தில் மாமா, கருகருவென்ற முடியோடு, டாக்டரின் தோளில் கைபோட்டு, ஜெயித்தவரைவிடப் பெரிதாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

"இது புத்தகத்துல வந்துட்டா எனக்குக் கவலையே இல்ல. கட்சி போட்ட புத்தகம்னா அப்பா மறுபேச்சுப் பேசமாட்டார். பழசையெல்லாம் உங்க மாமா இன்னுமா மனசுல வச்சிருக்கப் போறார்?" எழுந்தபோது ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "படத்தைப் பத்திரமா திருப்பிக் கொடுத்துடுவீங்கல்ல?"

"நான் பொறுப்புக்கா."

திருப்பிக் கொடுத்தேன். அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

மாமா அந்தப் படத்தை வெகுநேரம் கையில் வைத்திருந்தார். நான் எதிர்பார்த்தது கோபம். வந்தது வேறு.

"எனக்கு ஜெயிச்ச மாதிரி ஒரு போட்டோகூட இல்லடா," என்றார். "எல்லாத்துலயும் ஓட்டு எண்ணி முடிச்சு வீட்டுக்குப் போற மூஞ்சி. இதுல பாரு, எப்படிச் சிரிச்சிருக்கேன்."

இருபத்தைந்து வருஷம் ஒரு மனிதன் தோற்பது லேசான விஷயமில்லை. எனக்கு உண்மையிலேயே பாவமாக இருந்தது. இரக்கத்தால்தான் செய்தேன் என்று எழுதினால் மிகையாகாது. அவர் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. நான்தான், "நான் பார்த்துக்கறேன் மாமா" என்று படத்தை வாங்கிக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனேன்.

டச்சிங் அண்ணன் படத்தை விளக்கடியில் வைத்துப் பார்த்தார்.

"மாட்டு டாக்டரா? எங்க வீட்டுப் பசுவுக்குக் கன்னு போட வச்சவர். இவருக்கு இன்னொரு தொட்டியா?"

"புத்தகத்துக்குண்ணே."

"காப்பி எடுத்து அதுல பண்ணட்டுமா? கொஞ்சம் மங்கும். ஆனா ஒரிஜினல் அப்படியே நிக்கும்."

மங்கலான படம் எனக்குப் பிடிக்காது ஐயா. அட்டையில் என் பெயர் வரப்போகிறது. "ஒரிஜினல்லயே பண்ணிடுங்கண்ணே," என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். வேலையில் இறங்கிவிட்டார். முதலில் முகம், பிறகு சான்றிதழ், பிறகு சட்டை. ஒரு சிக்கல் வந்தது. மாமாவின் கை டாக்டரின் தோளில் இருக்கிறதே. தொட்டியில் அவ்வளவு உயரத்துக்குச் செடி வளர்ந்தால்தான் கை அந்தரத்தில் நிற்காது. அண்ணன் பொறுமையாக வளர்த்தார். முடிந்ததும் பார்த்தேன். மாமா ஒரு குரோட்டன்ஸ் செடியைத் தோளோடு அணைத்துக்கொண்டு வாய்கொள்ளாமல் சிரிக்கிறார். வெறும் பச்சையாக இருந்தது, கண்ணுக்குச் சப்பென்று இருந்தது.

"ஒரு பூ வைங்கண்ணே."

"குரோட்டன்ஸ்ல எங்கடா பூ? சரி விடு. செவப்பு காஞ்சு போச்சு, மஞ்சள்தான் இருக்கு. பரவால்லயா?"

"பரவால்லண்ணே."

நீங்கள் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். மேலிடம் சந்தேகப்படுவதுபோல எதிரிகளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. படத்துக்குக் கீழே 'வெற்றி நாளில் நம் தலைவர்' என்று போட்டேன். அன்று வெற்றி நாள்தான். அவர் அங்கே இருந்தார்தான்.

வெளியீட்டு விழா நன்றாக நடந்தது. ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு மலர் வைத்திருந்தோம். கட்சி வரலாற்றிலேயே அன்றைக்குத்தான் ஒரு நாற்காலிகூடக் காலியாக இல்லை.

படத்தை, மடங்காமல் இருக்க இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து, மலரின் ஒரு பிரதியோடு அக்கா வீட்டுக்கு அனுப்பினேன். கவரில் கட்சிச் சின்னம் இருந்தது. அக்கா பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம் அது போய்ச் சேர்ந்திருக்கிறது. டாக்டரே பிரித்து, உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டார்.

மூன்றாம் நாள் அக்கா போன் செய்தார். திட்டுவார் என்று நினைத்துத் தயாராக இருந்தேன். திட்டவில்லை.

"தம்பி, அப்பா மூணு நாளா சட்டை போட்டுக்கல. 'நான் அதுல இல்லையேம்மா'ன்னு மட்டும் சொல்றார். லீவு போட்டுட்டுத் தேர்தல் ஆபீசுக்குப் போய், அவர் ஜெயிச்சதுக்குச் சீல் போட்ட காகிதமே வாங்கிட்டு வந்து காட்டினேன். 'கவர்மெண்ட் காகிதத்துல ஆயிரம் தப்பு வரும்மா. கட்சி எதுக்குத் தப்பாப் போடப்போவுது? அவங்களுக்கு அதுல என்ன லாபம்?'னு கேக்கறார்."

போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"நீங்க ஒரு தடவை வீட்டுக்கு வாங்க. புத்தகத்தை மாத்த வேணாம். யாருகிட்டயும் எதுவும் ஒத்துக்க வேணாம். எழுதினவர்னு நீங்க நேர்ல வந்து, 'ஆமா சார், நீங்க ஜெயிச்சீங்க'ன்னு ஒரு வார்த்தை அவர்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போயிடுங்க. நம்பிடுவார். கெஞ்சிக் கேக்கறேன் தம்பி."

ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். சொல்லிவிடுவது என்ற எண்ணத்தோடுதான் போனேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஜன்னலோரம் நாற்காலி. பனியனோடு உட்கார்ந்திருந்தார், நான்கு நாள் தாடி. மடியில் மலர், மலர்மேல் நோட்டு. அக்கா, "அப்பா, இவர்தான் எழுதினவர்" என்றதும் கைப்பிடியை ஊன்றி எழுந்து நின்றார். எனக்காக யாரும் அதுவரை எழுந்து நின்றதில்லை.

"வாங்க ஆசிரியரே. உக்காருங்க. முழுக்கப் படிச்சேன். அருமையான நடை தம்பி. ஒரு இடத்துல பிசிறு தட்டல. கட்சிக்கு இப்படி ஒரு ஆள் கிடைக்க இத்தனை வருஷம் ஆயிருக்கு."

"நன்றி சார்."

"ஒரே ஒரு சந்தேகம். தப்பா நினைச்சுக்காதீங்க. எனக்கு ஞாபகம் சரியில்ல." நோட்டைத் திறந்து ஏழாவது வரியில் விரலை வைத்தார். பக்கத்தில் படம் மறுபடி ஒட்டப்பட்டிருந்தது. குரோட்டன்ஸ், மஞ்சள் பூ, மாமாவின் சிரிப்பு. "நான் ஜெயிச்சேனா தம்பி?"

அக்கா டீ டம்ளர்களோடு வாசலில் நின்றிருந்தார். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அவசரப்படவில்லை. 'ஆமாம்' என்றால் அடுத்த கேள்வி எந்தப் பக்கத்தில் என்று வரும். எந்தப் பக்கத்திலும் இல்லை என்றால், பிசிறு தட்டாத புத்தகத்தில் பிசிறு என்றாகிவிடும். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, ஒரு வரி விடாமல் என் புத்தகத்தைப் படித்த ஒரே வாசகர் அவர். மாமாகூடப் படம் மட்டும்தான் பார்த்தார். அப்படிப்பட்ட ஒருவரின் நம்பிக்கையை அவர் முகத்துக்கு நேராக எப்படிக் குலைப்பது?

"இல்ல சார். நீங்க ஜெயிக்கல," என்றேன்.

அவர் அழவில்லை. மெல்லத் தலையாட்டினார். மகளைப் பார்த்து, "பாத்தியாம்மா. நடக்காததைச் சொல்லிப் பெருமையடிச்சுக்கிட்டு இருந்திருக்கேன். நல்லவேளை, வெளியாளுங்க முன்னாடி எங்கயும் சொல்லல," என்றார். பிறகு பேனாவையும் அடிக்குச்சியையும் எடுத்து, ஏழாவது வரியின் மேல் நேராக ஒரு கோடு போட்டார். விரல் ஆறாவது வரிக்கு நகர்ந்தது.

"மாட்டு டாக்டரா இருந்தேன்னு போட்டிருக்கே. இது?"

"அது புத்தகத்துல இல்ல சார்," என்றேன். அது உண்மை.

அதையும் அடித்தார். விரல் ஐந்தாவது வரியில் வந்து நின்றது. அதன் பக்கத்தில் ஒட்டியிருந்த செய்தித்தாள் துண்டை லேசாகத் தட்டினார். "பேப்பர்காரன் என்ன வேணா போடுவான். இதுவும் உங்க புத்தகத்துல இல்லதானே?"

"இல்ல சார்."

குச்சியை வைத்து, கோடு போட்டார். பேனாவை மூடினார். அவர் முகம் தெளிந்துவிட்டது ஐயா, அதை நான் கண்ணால் பார்த்தேன். நாற்காலியை விட்டு எழுந்து உள்பக்கம் நடந்தார். "இந்தா, எங்க இருக்கே? வீட்டுக்கு ஆசிரியர் வந்திருக்காரு பாரு," என்று கூப்பிட்டபடி ஒவ்வொரு அறையாகக் கதவைத் திறந்து பார்த்தார். அக்கா டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டு அவர் பின்னால் போனார். நான் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். விட்டுவிட்டு வந்தால் மரியாதையாக இருக்காது.

அவர் தினமும் தேடுவதாகக் கேள்வி. அக்கா வேலையை விட்டுவிட்டார். மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதியதாகவும் சொன்னார்கள். அது உங்கள் கோப்பில் இருக்கிறதா என்று நான் கேட்கப்போவதில்லை. நீங்கள் கொண்டுவந்த தாளில் ஒன்பது கேள்விகள் இருக்கின்றன; ஒன்பதும் பூவைப் பற்றியவை.

எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்.

மஞ்சள் பூவுக்கு முழுப் பொறுப்பையும் நான் ஏற்கிறேன். மறைக்க வேண்டியது என்னிடம் எதுவுமில்லை. மறுபதிப்பில் அதைச் சிவப்பாக மாற்றித் தருகிறேன் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு சின்ன வேண்டுகோள். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நான் சொன்னது, உங்கள் ஒன்பது கேள்விகளில் எதற்கும் பதில் இல்லை. நடந்ததுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் முன்பின் தெரியாதவர்கள் படித்தால் என்னைப் பற்றி வேறு மாதிரி நினைத்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. கோடு போட்டு அடித்தால் அடித்தது தெரியும். அந்தத் தாளை அப்படியே உருவிவிட்டு, புதுத் தாளில், டச்சிங் அண்ணன் மஞ்சள்தான் இருக்கிறது என்று சொன்ன இடத்திலிருந்து நேரே இந்தப் பத்திக்கு வந்துவிடலாம். பக்க எண்ணை மட்டும் கவனித்துப் போட்டால் போதும், யாருக்கும் எதுவும் குறைவதாகத் தோன்றாது.

உங்களுக்குக் கை வலிக்கும். பேனாவை இப்படிக் கொடுங்கள் ஐயா, நானே எழுதித் தருகிறேன்.